வீட்டுக்குள் நடக்காத கால்

செயற்கைக் கால் சரியில்லை என்று யாராவது திரும்பி வந்தால் நான் ஒரே வரிசையில்தான் பார்ப்பேன். முதலில் தோல். அடுத்து சாக்கெட், அதாவது எஞ்சிய கால் உட்காரும் கிண்ணம். பிறகு உயரம், கடைசியாகப் பாதத்தின் சாய்வு. செம்பூரில் நான் வேலை பார்க்கும் மையத்துக்குத் தாராவியிலிருந்து வந்த பாய்க்கு இந்த நான்கிலும் குறை தெரியவில்லை. சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். எங்களிடம்தான் கால் பொருத்திக்கொண்டார். நடைபழகும் கம்பிகளுக்கு நடுவே கைபிடிக்காமல் நடந்து காட்டினார்.

"இங்க நடக்கும்மா. வூட்லதான் பின்னால தள்ளுது."

"இங்க பொம்பளப் பிள்ளைங்க பாக்குதுன்னு நேரா நடக்கிய. வூட்ல நான் மட்டுந்தான இருக்கேன்" என்றார் அவர் மனைவி. பாய் சிரிக்கவில்லை.

தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். கீழே குடும்பம், மேலே பட்டறை, நடுவில் செங்குத்தான இரும்புப் படி. அதில் ஏற முடியாதென்றால் பட்டறையை மூடிவிட்டு, டோம்பிவிலியில் லிஃப்ட் உள்ள தன் வீட்டுக்கு வந்துவிடு என்று அவர் அண்ணன் சொல்லிவிட்டார். சாமான் ஏற்ற டெம்போகூடப் பேசியாயிற்று. கிண்ணம்தான் லூஸ் என்று நினைத்து, பாய் எஞ்சிய காலில் உறைமேல் உறையாக மாட்டிப் பார்த்திருந்தார். பலனில்லை.

என் வரிசையில் விடை கிடைக்காததால், அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். பாய் சந்து முனைக்கு வந்து அழைத்துப் போனார். நடையில் குறை இல்லை. வாசலில் நான் செருப்பைக் கழற்றினேன். அவரும் உட்கார்ந்து இரண்டு ஷூக்களையும் கழற்றினார், செயற்கைக் காலில் இருந்ததையும் சேர்த்து. எழுந்து உள்ளே ஓர் அடி வைத்ததும் முழங்கால் பின்னால் தள்ளியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஷூவின் குதிகால் உயரமானது. நாங்கள் அதைப் போட்டபடியே பாதத்தின் சாய்வை வைத்திருந்தோம். ஷூ இல்லாவிட்டால் குதி தாழ்ந்து, கால் முழுவதும் பின்னால் சாயும்.

"பாய், இந்த ஷூவ எப்பவும் போடுவீங்களா?"

"ஆஸ்பத்திரிக்குன்னு வாங்குனதும்மா. சப்பல் போட்டுட்டு வந்தா மரியாதையா இருக்குமா?"

"வீட்டுக்குள்ள மட்டும் போட ஒரு ஜோடி சுத்தமா வச்சுக்கலாமே."

"மேல தொழுவுற எடம்" என்றார் மனைவி. "தோல விரிச்சு வெட்டுறதும் தரையிலதான். எவனாச்சும் செருப்போட ஏறுனா இவுஹளே வெரட்டிருவாஹ."

மாட்டுங்காவில் என் வீட்டிலும் யாரும் செருப்போடு நடப்பதில்லை. மையத்தில் வேலை செய்யும் எவர் வீட்டிலும் அப்படித்தான். ஆனாலும் ஷூவோடு நிற்க வைத்துத்தான் கால் பொருத்துகிறோம்.

பையிலிருந்து திருகு முடுக்கும் சாவியை எடுத்துப் பாதத்துக்கு மேலிருக்கும் திருகுகளைத் தளர்த்தினேன். வெறும் தரையில் அவரை நிற்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வை மாற்றினேன்.

"இனி இந்த ஷூ போட்டா முட்டி முன்னால மடியும். தட்டையா, பின்னால வார் வச்ச சப்பல்தான் போடணும்."

"வாங்கி முழுசா தேயக்கூட இல்ல" என்றார் பாய்.

"பெரிய மச்சானுக்குக் குடுங்க. லிஃப்ட்ல போட்டுக்கிட்டுப் போவட்டும்" என்றார் மனைவி.

இரும்புப் படியில் நல்ல காலை முதலில் வைக்கச் சொன்னேன். பாய் கைப்பிடியைப் பற்றி ஏறினார். பாதியில் ஒருமுறை நின்றார். நான் கீழே கை நீட்டியபடி நின்றேன். பிறகு மேலே போய் மறைந்தார். சற்று நேரத்தில், பட்டறை ஆட்கள் ஓட்டிக்கொண்டிருந்த தையல் மிஷின் சத்தம் நின்றது.

"எவம்ல தோல மடிச்சுப் போட்டது? சுருட்டி வைக்கணும்னு எத்தன தடவ சொல்ல?"

மனைவி டோம்பிவிலிக்குப் போன் போட்டார். "மச்சான், டெம்போக்காரன்ட்ட வேண்டாம்னு சொல்லிருங்க. இவுஹ மேல ஏறி ஏசிக்கிட்டு இருக்காஹ."