நடுவீட்டில் லாரியின் தலை

எங்கள் கூரை வீட்டின் நடுவில், நாங்கள் படுக்கிற கோரைப்பாயின்மேல், ஒரு லாரி எஞ்சினின் தலை கிடந்தது. அதை ஹெட்டு என்பார்கள். எஞ்சினுக்கு மூடி மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும் இரும்பு. ஓர் ஆளால் தூக்க முடியாது. வெளியே தூறிக்கொண்டிருந்ததால் வண்டியை வாசலிலேயே விட்டு அதன் தலையை மட்டும் உள்ளே வைத்திருந்தார் என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன். பெண்சாதி செத்துப்போய், பிள்ளையும் இல்லாமல் எங்களோடுதான் இருந்தார். நாங்கள் மூவரும் சுவரோரம் காலை மடக்கிப் படுத்தோம். அது மட்டும் நடுவீட்டில் தாராளமாகப் படுத்திருந்தது.

லாரி பண்ணையாருடையது. மூத்தார் அதற்கு டிரைவர், பழுது பார்ப்பதும் அவரே. குடவாசல் பக்கம் போய் வரும்போது வண்டி வெள்ளையாகப் புகைந்து நின்றுவிட்டது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தவருக்குக் கொதிநீர் பீச்சி வலது மணிக்கட்டு வெந்துபோனது. பட்டறையில் போட்டால் வேலை இழுக்கும் என்று பண்ணையார் சொல்ல, எங்கள் வாசலே பட்டறையானது. ஹெட்டைக் கழற்றிய அன்று தெருவே வந்து கைகொடுத்து உள்ளே இறக்கி வைத்தது. சிரிப்பும் கேலியுமாக இருந்தது. "பொண்ணு பெரிசானாப்புல நடுவீட்ல உக்கார வச்சிட்டீங்களே, எப்ப சடங்கு?" என்றான் ஒருவன்.

மறுநாளே தெருக்காரர்கள் கூலியைக் கூட்டாமல் அறுப்புக்கு இறங்க மாட்டோம் என்று கொடி கட்டிவிட்டார்கள். அப்போது புது ஆட்சி வந்திருந்தது. டீக்கடை ரேடியோவில் தமிழே வேறு மாதிரி கேட்டது. எல்லாம் மாறப்போகிறது என்றார்கள். கூலி நெல் அளக்கிற மரக்கால் மட்டும் மாறவில்லை. என் வீட்டுக்காரர் கொடி பிடித்தவர்களில் ஒருவர். குறுவை நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. மழை பிடித்துக்கொண்டால் கதிர் வயலிலேயே முளைத்துவிடும். பண்ணையாரின் காரியக்காரர் வாசலில் வந்து நின்று, "சீக்கிரம் மாட்டுடா. வெளியூர் ஆளை ஏத்திட்டு வரணும்" என்று மூத்தாரிடம் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு தெருவில் ஒருவரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

எங்களில் மூத்தார் முன்னால் பெண்கள் நிற்பதில்லை, பேசுவதும் இல்லை. வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து அவர் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. எனக்கு இயல்பிலேயே கூச்சம் வேறு. ஏதாவது வேண்டுமென்றால் அவர் வண்டியிடம் சொல்லுவார். "ஏ லாரி, உள்ள கொஞ்சம் மண்ணெண்ணெ இருக்குமான்னு கேளு." நான் போத்தலைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, "தீந்துபோச்சுன்னா வெளக்குக்கு இல்லன்னு லாரிகிட்ட சொல்லுங்க" என்று கதவைப் பார்த்துச் சொல்லுவேன். அதற்கு அவர், "சொல்லிட்டேன், கேக்குற மாதிரி தெரியல" என்பார். அந்த வீட்டில் எனக்குச் சிரிக்கக் கிடைத்தது அதுதான்.

ஹெட்டின் துளைகளை அடைக்கிற வால்வுகளை எல்லாம் கழற்றிக் கரி சுரண்டி, ஒரு வாழைத்தண்டில் ஊதுவத்தி செருகுகிற மாதிரி வரிசையாகச் செருகி வைத்திருந்தார். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் பொருந்தாதாம். ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் வைத்து, மணல் மாதிரி நறநறக்கும் பசையைத் தடவி, காற்றுக்கூடப் போகாதபடி தேய்த்து உட்கார வைக்க வேண்டும். ரப்பர் வைத்த ஒரு குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கடைய வேண்டும். வெந்த கையால் அவருக்கு அது முடியவில்லை. குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "ஏ லாரி, மோர் கடையத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா நல்லது" என்றார்.

நான் போய் உட்கார்ந்தேன். மோர் கடைகிற அதே கைதான். முதலில் கரகரவென்று போகும். போகப் போகச் சத்தம் மெலிந்து பட்டுத் துணி மாதிரி வழுக்கும். துடைத்துப் பார்த்தால் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், எங்கும் அறுபடாமல். எல்லாம் முடிந்து ஹெட்டைக் கவிழ்த்துத் துளைகளில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். ஒரு சொட்டுக் கசியவில்லை. "நல்ல கை, லாரி. உனக்கு அதிர்ஷ்டம்" என்றார். நாலாங் கிளாஸோடு நிறுத்தப்பட்டவள் நான். யாரும் எதற்கும் என்னை நல்ல கை என்று சொன்னதில்லை. அன்றைக்கு அந்த வண்டி எதற்காக ஓடப்போகிறது என்பதே என் நினைவில் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

படித்துறையில் பெண்கள் அதைத் தெரியவைத்தார்கள். "தள்ளிக் குளிங்கடி, லாரிக்காரி வர்றா. மேல கீல எண்ணெ ஒட்டிக்கப் போவுது" என்றாள் ஒருத்தி. "நம்ம அடுப்புல பூன தூங்குது. அவ வீட்ல பொகையுதுல்ல?" என்றாள் இன்னொருத்தி. அது பொய்யில்லை. தெருவில் உலை வைத்த வீடு எங்களுடையது மட்டும்தான். மூத்தாருக்குப் பண்ணையிலிருந்து வந்த நெல்லைத்தான் மூவரும் தின்றோம். கொடி பிடித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரரும் தலையைத் தூக்காமல் அதைத்தான் தின்றார். ஒரு நாள் பாதிச் சோற்றில் எழுந்துபோய் அண்ணன் முன்னால் நின்றார்.

"அண்ணே, ஒரு நட்டு போல்ட்ட ஒளிச்சு வச்சிட்டு காணும்னு சொல்லுண்ணே. மழை வந்துரும். அவங்களே நம்மளக் கூப்புட்டுப் பேசுவாங்க."

"எங்கிட்ட வந்த வண்டி நொண்டியாத் திரும்பாதுடா. ஓட்டாதன்னு சொல்லு, ஓட்டல. பழுது வேலையில பொய் செய்யச் சொல்லாத."

"ஓட்டமாட்டியா?"

"மாட்டேன். நம்ம ஆளு வயித்துல ஏத்தமாட்டேன்."

என் வீட்டுக்காரர் திரும்பி வந்து மிச்சச் சோற்றைத் தின்றார். வண்டி மூத்தாரைத் தவிர வேறு யாருக்கும் அடங்காது என்பது ஊர்ப்பேச்சு. நாங்கள் மூன்று பேரும் அதை நம்பினோம்.

ஹெட்டைத் திரும்பத் தூக்கி மாட்டுகிற நாளில் கைகொடுக்க ஆளில்லை. வெந்த கையோடு மூத்தார் அதை மார்பில் அணைத்துத் தூக்கினார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். வாசற்படி தாண்டுமுன் என் கை நழுவியது. கொடிக்கம்பத்தடியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் ஓடிவந்து தோளைக் கொடுத்தார். அண்ணனோடு சேர்ந்து அவர்தான் தூக்கிப்போய் எஞ்சின்மேல் உட்கார வைத்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. "அண்ணன் கால்மேல விழுந்துருமேன்னுதான் புடிச்சேன்" என்று அன்றைக்கும் சொன்னார், சாகிறவரைக்கும் சொன்னார்.

வண்டியைக் கிளப்பிக் காட்டிவிட்டு மூத்தார் சாவியைக் காரியக்காரரிடம் நீட்டினார். "வண்டி தயாருங்க. ஓட்டுறதுக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்குங்க." காரியக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டா, பண்ண நெல்லு கசக்குதா? நீ இல்லன்னா சக்கரம் சுத்தாதா?" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார். கும்பகோணத்திலிருந்து ஒரு டிரைவர் வந்தான். சக்கரம் சுற்றியது. பாவம் ஸ்டியரிங்கில்தான் இருக்கிறது, ஸ்பேனரில் இல்லை என்று நினைத்துவிட்டார் மூத்தார். பண்ணைக்கும் ஆகாதவரானார், தெருவுக்கும் ஆகாதவரானார். மழைக்கு முன்னால் வயல் அறுபட்டது. எங்கள் ஆட்கள் பழைய மரக்காலுக்கே வேலைக்குத் திரும்பினார்கள்.

இப்போது எங்கள் பக்கம் அறுப்புக்கு ஆள் தேடுவதில்லை. மெஷின் இறங்குகிறது. பேரப்பிள்ளைகள் சத்தம் கேட்டதும் வரப்புக்கு ஓடுகின்றன, நான் உள்ளே போய்விடுகிறேன். வருஷத்துக்கு ஒரு தரம் அந்தப் போராட்டத்துக்காகத் தெருவில் கூட்டம் போடுகிறார்கள். என் வீட்டுக்காரர் படத்துக்கு மாலை விழும். மூத்தாரைப் பற்றி வாயெடுத்தால், விலைபோனவன் என்பதோடு முடித்துவிடுகிறார்கள். இந்தத் தடவை என்னை மைக்கில் பேசச் சொன்னார்கள். எழுந்திருக்கவே முடியவில்லை. பேசியிருந்தால் சொல்ல வேண்டியது இதைத்தான்.

வெளியூர் ஆட்களை ஏற்றி வந்த முதல் நாள், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் புது டிரைவர் எங்கள் வாசலில்தான் நிறுத்தினான். வறண்ட பக்கத்து ஜனங்கள். அரிவாளைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார்கள். கைப்பிள்ளையோடு ஒருத்தி இறங்கிவந்து தண்ணீர் கேட்டாள். தெரு பார்க்கிறது என்று தெரிந்தும் சொம்பை நீட்டினேன். குடித்துவிட்டு, "வண்டி அலுங்காம வந்துச்சுக்கா. பய ஒறங்கிட்டான்" என்றாள். பிறகு வயல் பக்கம் திரும்பி, "இம்புட்டு வெளைஞ்சு கெடக்கே, உங்க ஊர்ல அறுக்க ஆளு இல்லையா?" என்று கேட்டாள்.

பின்னாலிருந்து மூத்தார் சொன்னார்: "இருக்கோம் தாயி. எல்லாரும் வீட்லதான் இருக்கோம்."

அவள் அவரைப் பார்த்தாள். அப்புறம் தெருவின் இரு பக்கமும், வாசலுக்கு வாசல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். சொம்பை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "எங்ககிட்ட யாரும் சொல்லலையேக்கா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. டிரைவர் ஆரன் அடித்தான். பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறினாள்.

வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது.