முதல் கேள்வி எங்களுடையது

1. நோட்டீஸ்

இசக்கியம்மாள் செம்பூர் அலுவலகத்துக்கு வந்த அன்று அவர் ஒரு கையில் ரயில்வே நோட்டீஸ் இருந்தது, மறு கையில் தூக்குச்சட்டி நிறைய இட்லி. நோட்டீஸை என் மேசையில் வைத்தார்.

"யக்கா, இதுல என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்குத் தெரியும். இடிக்கப் போறாவ. எப்பன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

பல வருடம் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் நிருபராக இருந்துவிட்டு, அப்போது ஓர் எம்.பி.யின் தொகுதி அலுவலகத்தில் செயலாளராகச் சேர்ந்திருந்தேன். மாட்டுங்காவில் என் வீட்டார் இதைப் பதவி உயர்வு என்று நினைத்தார்கள். எம்.பி. பெயரில் மக்களவைக்குக் கேள்வி எழுதி அனுப்புவது என் முக்கிய வேலை. டெல்லிக்கு விமான டிக்கெட் போடுவதும் நான்தான். செலவு அரசாங்கத்துடையது.

இசக்கியம்மாளின் வீடு தாராவியை ஒட்டி, தண்டவாளத்தின் ஓரம், ரயில்வே நிலத்தில் இருந்தது. அந்த வரிசையில் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். விடிவதற்கு முன் இட்லி அவிப்பார்கள். ஆண்கள் அதைச் சைக்கிளில் வைத்து நகரம் முழுக்க விற்பார்கள். வீட்டை இடித்தால் அடுப்பும் போய்விடும். மாற்று வீடு யார் தருவது என்று கேட்டால் ரயில்வே மாநில அரசைக் கைகாட்டும், மாநில அரசு ரயில்வேயைக் கைகாட்டும்.

மழை மாதங்களில் குடிசைகளை இடிப்பதில்லை என்பது இங்கே வழக்கம். மழை விட்டதும் ஜேசிபி வரும். அதற்கு முன் மிச்சம் இருந்தது நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் மட்டும்.

2. சப்ளிமெண்டரி

மக்களவையில் கேள்வி இரண்டு வகை. நட்சத்திரம் போட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர் அங்கேயே துணைக் கேள்வி கேட்கலாம். அதைத்தான் நாங்கள் சப்ளிமெண்டரி என்போம். மற்ற வகைக்கு அச்சடித்த பதில் வரும், அவ்வளவுதான். காரியம் நடப்பது சப்ளிமெண்டரியில். சபையில் அமைச்சர் வாய் தவறி "பரிசீலிக்கிறேன்" என்று சொன்னால்கூட அது உறுதிமொழி. அதை விடாமல் துரத்துவதற்கென்றே ஒரு கமிட்டி இருக்கிறது. அதிகாரிகள் அதற்குப் பயப்படுவார்கள்.

எந்தக் கேள்வி முதலில் என்பதைக் குலுக்கலில் எடுப்பார்கள். எங்கள் கேள்வி முதலாவதாக வந்தது. அதற்கு முன் எனக்கு அப்படி ஓர் அதிர்ஷ்டம் வாய்த்ததில்லை.

சப்ளிமெண்டரியை இந்தியில் ஒரே வாக்கியமாக எழுதினேன்: மாற்று வீடு தருவது யார் என்று முடிவாகும்வரை இடிப்பதில்லை என அமைச்சர் உறுதி தருவாரா? அலுவலகத்தில் எம்.பி.யைச் சாஹேப் என்போம். சாஹேபை அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்க வைத்தேன்.

"ஹோ ஜாயேகா, மேடம்," என்றார். ஆகிவிடும் என்று அர்த்தம். எதற்கும் அதைத்தான் சொல்வார்.

இசக்கியம்மாளின் பக்கத்து வீட்டுக்காரர் தர்மராஜுக்கு நம்பிக்கை இல்லை. "கக்கூஸ் அடைச்சிக்கிட்டதுக்கு நம்ம வார்டு கார்ப்பரேட்டரப் பாக்க முடியல. டெல்லியில நமக்காவ மந்திரி எந்திச்சி நிப்பாராக்கும்."

"நீரு சும்மா இரும்வே. சீட்டு நமக்கு விழுந்திருக்குன்னு யக்கா சொல்லுதாவ," என்றார் இசக்கியம்மாள்.

உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கலாம் என்றும் அங்கே ஒரு பேச்சு இருந்தது. வரிசையில் கூடிப் பேசி அதை விட்டுவிட்டார்கள். மந்திரியிடம் கேட்டுக்கொண்டே அவர் மேல் கேஸும் போட்டால் மரியாதையாக இருக்காது என்று சொன்னவர் இசக்கியம்மாள்தான்.

3. நீலக் கோட்டு

கேள்வி சபைக்கு வந்த அன்று சைக்கிள்காரர்கள் விற்பனையைப் பாதியில் விட்டு இசக்கியம்மாள் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். நானும் போயிருந்தேன். டிவியில் சபை நடப்பது கேட்க வேண்டும் என்பதற்காக இசக்கியம்மாள் மாவரைக்கும் கிரைண்டரை நிறுத்தி வைத்திருந்தார். ரயில் சத்தத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சபாநாயகர் வந்து உட்காரும்போதே எதிர்க்கட்சிகள் கோஷ அட்டைகளோடு நடு மன்றத்தில் நின்றன. அவர் முதல் கேள்வியை அழைத்தார். அமைச்சர் எழுந்து, அறிக்கை மேசையில் வைக்கப்படுகிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அது வழக்கமான முறைதான். அடுத்தது சப்ளிமெண்டரி. சபாநாயகர் எங்கள் எம்.பி.யின் பெயரைச் சொன்னார். மறுபடியும் சொன்னார்.

இந்த மாதிரி நேரத்தில் கேமரா சபாநாயகரை மட்டுமே காட்டும். ஆனால் திரையின் அடியில் ஓர் ஓரம் தெரியும். அங்கே அட்டை பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் பின்னால் இருந்தவர்களைக் கையசைத்துக் கூப்பிடத் திரும்பினார்.

"யக்கா, அந்த நீலக் கோட்டு நம்ம எம்.பி.தானே?"

"ஆமாம்."

"அவரத்தானே கூப்பிடுதாவ?"

"ஆமாம்."

"அவரு போடுத சத்தத்துல அவரு பேரு அவருக்கே கேக்கல," என்றார் தர்மராஜ்.

சபை ஒத்திவைக்கப்பட்டது. அதன் பிறகும் யாரும் எழவில்லை. மறுபடி கூடும்போது கேட்பார்கள் என்று காத்திருந்தார்கள். கேள்வி நேரம் போனால் போனதுதான், இனி அந்த எழுத்துப் பதில் மட்டும்தான் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இன்னைக்கு அவியளுக்குச் சம்பளம் உண்டுமா?" என்று கேட்டார் இசக்கியம்மாள்.

"காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அன்றைய படி உண்டு."

"நாங்க ஒரு நா அவிக்கலன்னா வாடிக்கை வேற ஆளுகிட்ட போயிரும்," என்று சொல்லிவிட்டு எழுந்து கிரைண்டரைப் போட்டார்.

பத்திரிகையில் இருந்தபோது ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் வீணான நேரத்தையும் செலவையும் பற்றி எழுதுவேன். பழைய கட்டுரையை எடுத்து எண்களை மாற்றினால் போதும். அமளி செய்தவர்களைத்தான் அதில் குறை சொல்லியிருப்பேன். பதில் சொல்ல வேண்டியவர்களுக்கும் அமளி எவ்வளவு சௌகரியம் என்பதை அன்றுதான் கவனித்தேன். ஒத்திவைப்பு என்றதும் கேமரா ஒரு கணம் அமைச்சர் பக்கம் போனது; அவர் ஃபைலை மூடிய வேகம் டிவியில் நன்றாகத் தெரிந்தது.

4. சாஹேப்

வார இறுதியில் சாஹேப் செம்பூருக்கு வந்தார். கேள்வியை ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"சபையை நடக்க விடுவதில்லை என்று காலை மீட்டிங்கில் கட்சி முடிவு செய்தது, மேடம். நான் ஒருவன் மட்டும் இருக்கையில் உட்கார்ந்து கேள்வி கேட்டால் அடுத்த தேர்தலில் எனக்கு டிக்கெட் யார் கொடுப்பது?" பிறகு கேட்டார்: "அவர்கள் டிவியில் என்னைப் பார்த்தார்கள் இல்லையா? சந்தோஷப்பட்டிருப்பார்களே?"

மேசையில் வைக்கப்பட்ட அறிக்கையில் ஒரே வாக்கியம் இருந்தது: தகவல் திரட்டப்பட்டு வருகிறது.

5. பதில்

மழை விட்டது. ஜேசிபி வந்தது. நீதிமன்றத் தடை இருக்கிறதா என்று அதிகாரி கேட்டாராம். அதைக் காட்டியிருந்தால் திரும்பிப் போயிருப்பார். பார்லிமெண்டில் கேள்வி கேட்டிருக்கிறோம் என்று தர்மராஜ் சொல்லியிருக்கிறார். "கேட்டாங்களா?" என்றாராம் அதிகாரி, கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பி.

திரட்டிய தகவல் குளிர்காலக் கூட்டத்தொடரில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கோவண்டிக்குப் போனேன். இசக்கியம்மாள் அங்கே ஒரு வாடகை அறையில் இருந்தார். மாடி அறை; இட்லி அவிக்க வீட்டுக்காரர் விடுவதில்லை. செம்பூரில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். குறிப்பிட்ட இடத்தில் தற்போது குடியிருப்பு எதுவும் இல்லை. எனவே மாற்று வீடு பற்றிய கேள்வி எழவில்லை.

அவர் அந்தத் தாளை வாங்கி மடித்தார்.

"பொய் சொல்லலியே யக்கா. இப்ப அங்க ஒண்ணும் இல்லதானே." பிறகு, "அன்னைக்கு அவரு அட்டையில என்ன எழுதியிருந்துச்சி?"

எனக்கு நினைவில்லை. சாஹேபுக்கும் இருந்திருக்காது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். கேள்வியை எழுதுங்கள், நன்றாகவே எழுதுங்கள். ஆனால் நோட்டீஸோடு வருகிறவரை அன்றைக்கே வக்கீலிடமும் அனுப்புங்கள். மரியாதையாக இருக்காதே என்று அவர் தயங்கினால், சபையில் அந்த மரியாதையை எதிர்பார்த்து யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று சொல்லுங்கள்.