யார் என்று கேட்காதவர்

முதல் வேலையாக மேடம் ஒரு நாற்காலியைத் தூக்கி வெளியே வைக்கிறார். மேசையின் தலைப்பக்கம் கிடக்கும் நாற்காலி அது. கைப்பிடி வைத்தது, சுழலக்கூடியது, டைரக்டருக்கென்றே வாங்கியது. அது வராந்தாவுக்குப் போன பிறகுதான் கூட்டம் தொடங்கும். டைரக்டரே வந்தாலும் எங்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார வேண்டும். “அந்தச் சேர்ல உட்கார்ந்தா யாருக்கும் கேள்வி கேட்கத் தோணாது சார். தீர்ப்பு சொல்லத்தான் தோணும்” என்று டைரக்டரிடமே சொல்லியிருக்கிறார். டைரக்டர் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கப் பயன்படுத்தும் மென்பொருளை எங்கள் நிறுவனம் செய்கிறது. சில நாள் அது படுத்துவிடும். எழுப்பிவிடுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எழுந்த பிறகு, ஏன் படுத்தது என்று கண்டுபிடித்து, இன்னொரு தரம் அப்படிப் படுக்காதபடி மென்பொருளையும் எங்கள் வேலை முறையையும் மாற்றுவது இவருடைய பொறுப்பு. பதவியின் பெயர் விசிட்டிங் கார்டில் இரண்டு வரியை அடைத்துக்கொள்ளும். அலுவலகத்தில் அவரை எல்லோரும் போஸ்ட்மார்ட்டம் மேடம் என்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். “போஸ்ட்மார்ட்டம் பண்ற டாக்டர் யாரையும் திட்டறதில்ல பாருங்க. பேரு சரியாத்தான் வெச்சிருக்காங்க.”

நான் அந்த மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கம் எழுதுபவன். எழுதத் தெரிந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக, அவருடைய கூட்டங்களில் குறிப்பெடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. அதனால்தான் அவரைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தது.

கேள்வி கேட்கும் முன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்துவிடுவார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே இருப்பவரின் முகம் அவருக்கு வெறும் மங்கல். “மூஞ்சி தெரிஞ்சா நம்பலாமா வேணாமான்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுடும். குரல் மட்டும் போதும்.” பிறகு பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி ஒரு வாய் குடிப்பார். அந்த ஒரு வாய்க்குள் எதிரே இருப்பவருக்கு மூச்சு திரும்பிவிடும்.

அந்த அறையில் ஒரு சொல்லுக்குத் தடை. யாரு. யாரு பண்ணது, யாரு சொன்னது, யாரைக் கேட்டு என்று எந்த வடிவத்திலும் அது வரக்கூடாது. இதனால் எங்கள் ஆட்களின் பேச்சே மாறிப்போனது. அழித்தேன் என்றால் ஆள் தெரிந்துவிடுகிறது, அழித்தான் என்றாலும் தெரிந்துவிடுகிறது. ஆகவே எல்லாம் தானாக நடக்கத் தொடங்கின. டேட்டா அழிஞ்சுது. பட்டன் அமுங்குச்சு. ஃபைல் போயிடுச்சு. மேடம் இதையும் விடுவதில்லை.

“அமுங்குச்சா? காத்து பலமா அடிச்சுதா?”

“இல்ல மேடம். அமுக்கினேன்.”

“சரி. அமுக்கும்போது ஸ்கிரீன்ல என்ன தெரிஞ்சுது?”

இந்தக் கடைசிக் கேள்விதான் அவருடைய முழு வித்தையும். மற்ற எதையும் அவர் பெரிதாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அடுத்த வாரத்து அப்பாயின்ட்மென்ட் அத்தனையையும் துடைத்துவிட்டாள். பழகிப் பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் போலிப் பட்டியலை அழிப்பதாக நினைத்து, கிளினிக்குகளின் நிஜப் பட்டியலை அழித்திருக்கிறாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ராஜினாமாக் கடிதத்தோடு கூட்டத்துக்கு வந்தாள். மேடம் கடிதத்தை வாங்கி, டீ டம்ளரின் அடியில் வைத்தார். ஸ்கிரீனில் என்ன தெரிந்தது என்று கேட்டார். அவள் காட்டினாள். போலிப் பட்டியலும் நிஜப் பட்டியலும் ஒரே நிறம், ஒரே எழுத்து. பெயரில் மட்டும் ஒரு எழுத்து வித்தியாசம்.

சர்வர்களைக் கட்டிக் காப்பவருக்கு எங்கள் அலுவலகத்தில் சர்வர் அண்ணன் என்று பெயர். “இதுகூடவா பார்க்கத் தெரியாது?” என்று அவர் முணுமுணுத்தார். மேடம் அவரைக் கணினி முன் உட்காரவைத்து, போலிப் பட்டியலைத் திறக்கச் சொன்னார். அண்ணன் கம்பீரமாக நிஜத்தைத் திறந்தார்.

அன்றிலிருந்து நிஜப் பட்டியலைத் திறந்தால் திரையைச் சுற்றிச் சிவப்புக் கரை வரும். அதில் எதை மாற்றினாலும் இன்னொருவரும் பார்த்துச் சம்மதம் தர வேண்டும் என்ற விதியும் வந்தது. சம்மதம் தர இரண்டு பேரை நியமித்தார்கள். ஒருவர் தலைமை வடிவமைப்பாளர், இன்னொருவர் மேடம். கடிதத்தில் டீக்கறை படிந்துவிட்டதால் வேறு எழுதித் தருகிறாயா என்று மேடம் அந்தப் பெண்ணைக் கேட்டார். அவள் வேண்டாம் என்றாள்.

டைரக்டர் அறிக்கையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். “பேரே இல்லையேம்மா?”

“பேரை எழுதினா இது திரும்ப நடக்காதுன்னு சொல்லுங்க சார். கொட்டை எழுத்துல எழுதித் தரேன்.”

வீட்டிலும் இவர் இப்படித்தான் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது தெரிந்துகொண்டேன். வெள்ளைத் துணியெல்லாம் வாஷிங் மெஷினிலிருந்து நீலமாக வந்திருந்தது. கல்லூரியில் படிக்கும் மகன், “நான்தாம்மா. என் தப்புதான். விட்டுடு” என்று கையெடுத்துக் கும்பிட்டான். மேடம் விடவில்லை. “உன் ஜீன்ஸ் சரி. அப்பா சட்டை எப்படி அதோட உள்ளே போச்சு? கூடை எங்க இருந்தது?” கணவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி வைத்திருப்பவர், பக்கத்தில் இருப்பவர் செய்யும் தப்புகளுக்கெல்லாம் பிரேக் போட்டே பழகியவர். அவரே என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “திட்டினா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும் சார். இவ புரிஞ்சுக்க ஆரம்பிச்சா சோறு ஆறிடும்.” ஆறிய சோற்றைத்தான் சாப்பிட்டோம். துணிக்கூடை இப்போது அந்த வீட்டில் வெள்ளைக்கு ஒன்று, வண்ணத்துக்கு ஒன்று.

இப்படிப்பட்டவருக்கு ஒரு திங்கட்கிழமை வந்தது.

ஏதோ ஒரு சின்னப் பழுதைப் பற்றிய விசாரணை. மூடிய கதவில் ‘உள்ளே வராதீர்கள்’ என்ற அட்டை. எல்லோருடைய போன்களும் வெளியே ஸ்டூல் மேல் ஒரு பிளாஸ்டிக் கூடையில். அட்டை, கூடை இரண்டும் மேடத்தின் ஏற்பாடு. நாங்கள் உள்ளே நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, நகரத்தின் கிளினிக்குகளில் மென்பொருள் நின்றது. சர்வர் அண்ணன் கீழ்த்தளத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். சரிசெய்யும் வழியும் தெரிந்துவிட்டது. நிஜப் பட்டியலில் கைவைக்க இன்னொருவரின் சம்மதம் வேண்டும். தலைமை வடிவமைப்பாளர் விமானத்தில் இருந்தார். அண்ணன் மேடத்தின் போனுக்கு விடாமல் அடித்தார். கூடை அதிர்ந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள், கூடை ஸ்டூலிலிருந்து நகர்ந்து நகர்ந்து விழப்போவதைப் பார்த்து, பத்திரமாக எடுத்துக் கொண்டுபோய் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார்.

அண்ணன் படியேறி வந்து அட்டையைப் பார்த்தார். அந்த அட்டையை மீறி ஒருமுறை உள்ளே வந்து மேடத்தின் கேள்விகளில் மாட்டிக்கொண்ட அனுபவம் அவருக்கு உண்டு. எப்படியும் இப்போது முடிந்துவிடும் என்று வெளியே நின்றார். அன்றைக்குப் பார்த்து கூட்டம் சாப்பாட்டு நேரம் வரை நீண்டது.

கதவு திறந்ததும் அண்ணன் விஷயத்தைச் சொன்னார். மேடம் நின்ற இடத்திலேயே சம்மதம் கொடுத்தார். மென்பொருள் உடனே எழுந்துகொண்டது. காலையில் வந்த நோயாளிகள் அதற்குள் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். “ஓ” என்றார் மேடம். படிக்கட்டில் உட்கார்ந்தார். பூட்டிய ஸ்டோர் ரூமுக்குள் அவருடைய போன், கிளினிக்குகளின் அழைப்பில், இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

இதற்கும் விசாரணை வேண்டும். இதை மேடம் நடத்த முடியாது. சர்வர் அண்ணன் தலையில் கட்டினார்கள். டைரக்டர் உற்சாகமாக வந்தார். “இந்தத் தடவை யாருங்கிற பிரச்சனையே இல்லையே, எல்லாருக்கும் தெரியுமே” என்றார். நாற்காலியை வெளியே வைக்க அண்ணன் மறந்துவிட்டிருந்தார். டைரக்டர் அதில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துக்கொண்டார். மேடம் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. மேடத்தின் வேலையே தேவையா என்று டைரக்டர் ஒரு மாதமாகவே கேட்டுக்கொண்டிருந்தது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். பேப்பரைப் பார்த்தார்.

“மேடம்... அந்தப் போனெல்லாம் வெளியே வைக்கணும்னு... அது ஏன் வந்தது?”

“உள்ளே பேசினது உள்ளே இருக்கணும்னு.”

“இருக்கலையா?”

“இருக்கல. ஒரு கூட்டத்துல ஒருத்தர் பேசி முடிக்கறதுக்குள்ள அவர் சொன்னது மெசேஜா வெளியே போயிடுச்சு. மறுநாள் அவரை வேற வேலைக்கு மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்கல. அதனால கூடை வெச்சேன்.”

“யாருக்குப் போச்சு?” என்றார் டைரக்டர். பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டார்.

எங்களுக்கெல்லாம் மேசையின் மேல் பார்க்க ஏதோ ஒன்று கிடைத்தது. மெசேஜ் யாருக்குப் போனது, ஆளை மாற்றியது யார் என்பது அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கேட்ட பிறகு டைரக்டருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். சுழல் நாற்காலி நின்றுவிட்டது. நான் எழுதுவதை நிறுத்தினேன். ஒரு பெயரைச் சொன்னால் போதும், மேடத்தின் பக்கம் நியாயம் வந்துவிடும்.

மேடம் அவரை நேராகப் பார்த்தார். அன்று கண்ணாடி முகத்திலேயே இருந்தது.

“வெளியே போச்சு சார். அவ்வளவுதான்.”

டைரக்டர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். “சரி, அடுத்ததுக்குப் போங்க” என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். மேடத்தின் வேலை தேவையா என்ற கேள்வி அன்றோடு நின்றுபோனது.

அண்ணன் தட்டுத்தடுமாறி முடித்தார். சம்மதம் தர மூன்றாவதாக ஒருவர் வந்தார். மூவரில் ஒருவராவது கூட்டம், பயணம் எதிலும் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அறைக்குள் சுவரில் வயர் வைத்த ஒரு பழைய போன் மாட்டினார்கள். அதன் மணிச் சத்தத்துக்குப் பிணமும் எழுந்து உட்காரும். பழுது நடக்கும் நேரத்தில் அட்டையை மதிக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொன்னார்கள். நல்ல விசாரணைதான். மேடமே நடத்தியிருந்தாலும் இவ்வளவுதான் வந்திருக்கும்.

பழுது ஏற்பட்ட இடத்தை நேரில் போய்ப் பார்ப்பது மேடத்தின் வழக்கம். விளக்கப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருத்த வேண்டியிருந்ததால், திங்கட்கிழமை பாதிக்கப்பட்ட ஒரு கிளினிக்குக்கு நானும் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர் திடீரென்று பேசினார்.

“அந்தப் பக்கம் உட்கார்ந்தா வேற மாதிரி இருக்கு தெரியுமா? யாருமே ஒரு வார்த்தை சொல்லல. நாலு திட்டு திட்டியிருந்தா ராத்திரி தூங்கியிருப்பேன்.”

“அப்ப இனிமே திட்டலாமா மேடம்?”

“சே, அதெல்லாம் கூடாது.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “ஆனா நான் கேள்வி கேட்டு எத்தனை பேர் தூங்காம இருந்தாங்களோ.”

கிளினிக்கின் முன்னறையில் நல்ல கூட்டம். வரவேற்பில் இருக்கும் பெண்ணின் வேலை முடியட்டும் என்று பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். அவள் முன்னால் ஒருவர், மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்திக்கொண்டிருந்தார்.

“திங்கட்கிழமை ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டு வந்தேன். வலியோட வந்தவளை இந்தப் பொண்ணு திருப்பி அனுப்பிடுச்சு. பேரே இல்லையாம்! போன வாரம் நான் போன்ல சொன்னப்ப எழுதினவதானே நீ?”

“எழுதினேன் சார். சிஸ்டம் நின்னுடுச்சு.”

“சிஸ்டம் மேல பழி போடாதம்மா.”

சத்தம் கேட்டு கிளினிக் மேனேஜர் வெளியே வந்தார். பெண்ணின் முகத்தைப் பார்த்ததுமே, இந்தப் பேச்சு இவர்களுக்குள் ஏற்கெனவே நடந்த ஒன்று என்று தெரிந்துவிட்டது. அவள் கீபோர்டைப் பார்த்தபடி நின்றாள்.

“நானும் அதைத்தான் சார் கேட்டுட்டிருக்கேன்” என்றார் மேனேஜர். “சிஸ்டம் தானா எப்படி நிக்கும்? இவ எதையோ தட்டியிருக்கணும். இல்லன்னா சொல்லட்டும், யாரு பண்ணதுன்னு.”

மேடம் பிளாஸ்கை என் மடியில் வைத்தார். எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, காத்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும்படி வலது கையைத் தூக்கினார்.