முத்திரை குத்திய கை

மர்சலின் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். சாந்தோம்காரி. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து பத்தொன்பது வருடம். வாய் திறக்கமாட்டாள், கண் எதையும் விடாது. ஆழ்வார்பேட்டை வீட்டில் முதலில் ஜலஜாவின் கணவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் போனபின், லஸ் முனையில் ஆட்டோ இடித்துத் தலையில் அடிபட்ட ஜலஜாவை.

ஏழு மாதமாக ஜலஜா கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். பேச்சில்லை, அசைவில்லை. மகன் ஸ்ரீகிருஷ்ணா கட்டிலருகே நின்றுகொண்டே, "கட்டையா கெடக்கறா. நங்கநல்லூர் ஹோம்ல விட்டுடலாம்" என்று போனில் பேசுவான். பெற்றவளுக்குக் காது இருக்குமே என்ற எண்ணம்கூட இல்லாத பிள்ளை. கடைசியாக மூளை ஸ்கேன் ஒன்று. அதிலும் நினைவு தெரியாவிட்டால் ஹோம்தான்.

ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, ஏதாவது ஒரு வேலையைச் செய்வதாக நினைக்கச் சொல்வார்கள். காதில் வாங்கி மனதுக்குள் செய்தால் மூளையில் அதற்கான இடம் திரையில் சிவந்து தெரியும்.

"அவங்களுக்குப் பழக்கமானது எது?" என்று டாக்டர் மஹதி கேட்டார்.

"டென்னிஸ். நான் கிளப்ல ஆடறச்சே வந்து பார்ப்பா. இங்கிலீஷ்லயே சொல்லுங்கோ" என்றான் ஸ்ரீகிருஷ்ணா.

ஜலஜா கிளப்புக்குப் போனது இரண்டே முறை. இரண்டு முறையும் டிபன் டப்பாவோடு காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அப்படியே சொன்னார். திரையில் ஒன்றும் தெரியவில்லை. "நான்தான் சொன்னேனே" என்றான் மேதாவி, பந்தயத்தில் ஜெயித்தவன்போல.

கூடவே வந்திருந்த மர்சலின் டாக்டர் பக்கம் நகர்ந்தாள். "மேடம், அவங்க தபாலாபீசுல முப்பத்தோரு வருசம் சீல் குத்திக்கினு இருந்தாங்க. எங்கிட்ட கதை சொல்லும்போதே கை தொடையில குத்தும். அத்தச் சொல்லிப் பாருங்க. தமிழ்ல."

"நீ சும்மா இரு. இது மெடிக்கல் விஷயம்."

டாக்டர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கை எடுத்தார். "ஜலஜாம்மா, மேசையில லெட்டர் கட்டு இருக்கு. சீல் குத்துங்க."

சற்று நேரத்தில் திரையில் ஓரிடம் சிவந்தது. "போதும், நிறுத்துங்க" என்றதும் அடங்கியது. ஐந்து முறை சொன்னார்; ஐந்து முறையும் அப்படியே.

ஸ்ரீகிருஷ்ணாவின் முகம் வெளுத்தது. சந்தோஷத்தில் அல்ல. ஏழு மாதமாகக் கட்டிலருகே பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்கும்.

ஹோம் பேச்சு அதோடு நின்றது. இப்போது போன் வந்தால் பால்கனிக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொள்கிறான். மர்சலின் பின்னாலேயே போய் அதைத் திறந்து வைக்கிறாள்.

"அம்மாவுக்குக் காத்து வரட்டும் சார்."