அறுபத்தாறாம் எண் மனையின் கிணறு

சென்னை சென்ட்ரலில் காலை ஆறே முக்காலுக்குத் திருவள்ளூர் வண்டி கிளம்பியது. காலி கூஜாவோடு அதில் ஏறியவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். அறுபதுகளின் கடைசி, சித்திரை மாதத்து ஞாயிறு. திருநின்றவூரில் புதிதாய்ப் போட்ட மனைப் பிரிவில் என் அக்கா கிணறு வெட்டி, இருபத்தெட்டு அடியில் தண்ணீர் கண்டிருந்தாள். திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டில் ஒன்பது குடித்தனத்துக்கு ஒரே குழாய். அந்த வரிசையில் பதினோரு வருஷம் நின்றவள் அவள். அவள் தண்ணீரைக் குடித்துப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

எட்டு மணிக்கு இறங்கினேன். மனை விற்றவர்களின் நோட்டீசில் ‘ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்’ என்று இருந்தது. எழுதியவர் குதிரை வைத்திருந்திருப்பார். ஜட்காக்காரர் எட்டணா கேட்டார். கௌரவம் பார்த்து நடந்தேன். முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று.

பெயர்தான் நகர். நெல் விளைந்த வயலில் வரப்புகளைச் சமன் செய்து, நாற்பதுக்கு அறுபது அடியாய்ப் பிரித்து, மனைக்கு ஒரு கருங்கல் நட்டு எண் எழுதியிருந்தார்கள். மழையில் பாதிக் கற்களின் எண் அழிந்துவிட்டது. தெருவுக்குப் பெயரும் இல்லை, விளக்கும் இல்லை. கூரை ஏறிய வீடுகள் மூன்று. அங்கே முன்பே வெட்டிய இரண்டு கிணறுகளிலும் உப்புத் தண்ணீர். அக்காவின் அறுபத்தாறாம் எண் மனையில் மட்டும் நல்ல தண்ணீர். ஊரிலிருந்து வருகிற எல்லோருக்கும் ஒரு சொம்பு இறைத்துக் கொடுக்காமல் அவள் விடுவதில்லை.

பத்து மணிக்கு வெயிலில் ஒருவர் வந்தார். காதர் பாய் என்று பெயர், வியாசர்பாடியில் தையல் கடை. அக்கா கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்து, தொண்ணூற்றொன்பதாம் எண் மனை எது என்று கேட்டார்.

அக்கா வீடு கட்ட இறக்கியிருந்த செங்கல்லுக்குக் காவலிருந்த முனுசாமியும் சேர்ந்து தேடினார். இந்த வயலை முன்பு உழுதவர் அவர்தான். எழுபதாம் எண் கல் மேற்கே கிடைத்தது, நூறாம் எண் கல் எங்கள் வேலி ஓரத்தில், புதருக்குள். அறுபத்தாறுக்குப் பக்கத்தில் எப்படி நூறு? காதர் பாய் தையல் டேப்பை எட்டுத் தடவை போட்டு, நூறாம் கல்லிலிருந்து நாற்பது அடி அளந்தார். டேப் எங்கள் கல்லில் வந்து நின்றது. அவர் குனிந்து அந்த 66-ஐப் பார்த்தார். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார். தலைகீழாய்ப் பார்த்தால் அது 99.

முனுசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“மாடு ஒரசிக்கினு சாஞ்சிட்ச்சும்மா. நான்தான் எடுத்து நட்டேன். கல்லுக்குத் தல எது, காலு எதுன்னு எனக்கு இன்னா தெரியும்?”

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம், சொன்னாரே. அக்கா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெட்டியது இன்னொருவர் நிலத்தில். எங்கள் மனையோ மேற்குக் கோடியில், அந்த உப்புக் கிணறுகளுக்குப் பக்கத்தில். “உங்க கெணறுதான் பாய்,” என்றாள்.

காதர் பாய் டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“உன் கையால தண்ணி வாங்கிக் குட்சிட்டேனே தங்கச்சி. இனிமே என் கெணறுன்னு சொன்னா அது வயித்துல நிக்குமா? ரெண்டு மனையும் ஒரே அளவு. நான் அங்க போயிக்கிறேன். ரிஜிஸ்தர் ஆபீசுல மாத்திக்கலாம்.”

அங்கே தண்ணீர் உப்பாயிற்றே என்றாள் அக்கா. குடிக்க மட்டும் இங்கே வந்து ஒரு குடம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார் அவர். முனுசாமி கல்லைப் பிடுங்கினார். எது தலை என்று அக்கா காட்ட, திருப்பி நட்டார்.

மாலை ஐந்தரை வண்டியில் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். திருவல்லிக்கேணியில் குழாய் வரிசை வாசல் வரை நின்றது. பக்கத்துக் குடித்தனத்து அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, உன் அக்கா கிணற்றுத் தண்ணீரா என்று கேட்டாள்.

“இல்லை மாமி, காதர் பாய் கிணற்றுத் தண்ணீர்,” என்றேன்.