என் தோளுக்கு ஒரு துவக்கு

அப்பா விட்டுவிட்டுப் போன ஒற்றைக்குழல் வேட்டைத் துப்பாக்கியை, எங்கள் பேச்சில் துவக்கை, நிலத்தில் நிமிர்த்தி வைத்தால் அதன் வாய் என் நாடிக்கு நேரே வந்து நிற்கும். துவக்கு ஒன்றும் அதிசயமான நீளமில்லை, நான்தான் குட்டை. கல்யாணப் படம் எடுத்தவர் என் காலடியில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு, அது தெரியாமல் சேலையை இழுத்துவிட்டார். அப்படியும் படத்தில் நான் என் வீட்டுக்காரரின் தோளுக்குத்தான் வருகிறேன். ஊரில் என்னைக் கேலி செய்யாத ஆளில்லை. நானும் யாரையும் சும்மா விட்டதில்லை, வாய் மட்டும் எனக்கு முழு அளவில் வளர்ந்திருந்தது.

தோப்பூருக்கு அப்பால் காட்டோரமாக இருந்த எங்கள் வயல் எனக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கத்தில் வயல் பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆண்பிள்ளைக்கு அவன் கட்டுகிற இடத்தில் வயல் கிடைக்கும். துவக்குக்கு அப்படி ஒரு வழக்கமில்லை. வயலை யார் காக்கிறாரோ அவர் கையில் அது இருக்கும். அப்பா போன பிறகு அண்ணன் காத்தார், துவக்கும் அவர் தோளில் தொங்கியது. அண்ணன் ஆள் வாட்டசாட்டமானவர். அந்தத் துவக்கு அவர் கையில் ஒரு குடைபோல இருக்கும்.

அந்த வருஷம் பெரும்போக விதைப்புக்கு முன் அண்ணனும் என் வீட்டுக்காரரும் சேர்ந்திருந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். வீட்டுக்காரருக்குப் புல்மோட்டையில், மணல் ஆலையின் பட்டறையில் வேலை. அங்கே குவாட்டர்ஸ் தரப்போகிறார்கள். நான் அங்கே போவதாம், வயலை அண்ணன் குத்தகைக்கு எடுப்பதாம். இருவரும் கதைத்து முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வயல் என்ர. நானே காக்கிறன்," என்றேன்.

அண்ணன் சிரித்தார். "காட்டுப்பண்டி வந்தா என்ன செய்வாய்? ஏசிக் கலைப்பியோ?"

"துவக்கைத் தாங்கோ. வெடி வைக்கிறன்."

கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் வாயிலிருந்து விழுந்த பிறகு அது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். இந்த ஒரு போகம் நான் பார்ப்பது. பண்டி வயலை உழுதுபோட்டால், வயலும் துவக்கும் அண்ணனுக்கு, நான் புல்மோட்டைக்கு.

அண்ணன் நேர்மையானவர். பெர்மிட்டை என் பெயருக்கு மாற்ற அவரே என்னை அரசாங்கக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேசைக்குப் பின்னால் இருந்த கிளாக்கர் என் முகத்துக்கு மேலாலே அண்ணனைப் பார்த்து, "துவக்குக்காரர் வரயில்லையோ?" என்று கேட்டார். "உங்களுக்கு முன்னால நிக்கிறன்," என்றேன். அவர் எழும்பி நின்று மேசைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். கடதாசியில் துவக்கு என்னுடையதாயிற்று. ஊரார் வாயில் அது அண்ணனின் துவக்காகவே இருந்தது.

முதல் வெடியை ஒரு பழைய தகரத்துக்கு வைத்தேன். தகரம் அப்படியே இருந்தது, நான்தான் வரம்பிலிருந்து சேற்றுக்குள் உட்கார்ந்தேன். தோள் நாவற்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. அந்தத் தோளோடு இரண்டு நாள் தலை பின்ன முடியவில்லை.

பக்கத்து வயல்காரர் தோப்பூர் முஸ்லிம் ஆள், வயதில் மூத்தவர் என்பதால் நாங்கள் காக்கா என்று கூப்பிடுவோம். என் நிலைமையைப் பார்த்து அவருக்கு மனம் பொறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் துவக்கு இடித்தால் எல்லாரும் செய்கிற வேலையைத்தான் அவரும் செய்தார். தேய்ந்த ரப்பர் செருப்பு ஒன்றைக் கொண்டுவந்து, அடியைச் சோங்கின் அளவுக்கு வெட்டி, தோளில் படுகிற அந்தக் கட்டையில் ஆணி வைத்து அறைந்தார்.

"எங்கட வாப்பாவும் இப்பிடித்தான் வச்சவர். இனி நோகாது தங்கச்சி."

நொந்தது. முன்பு தோளில் இடித்தது, இப்போது புயத்தில் இடித்தது. சன்னம் மருதமரத்தில் போய்ப் பட்டு காகமெல்லாம் எழும்பியது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து பார்த்தார். "ரப்பர் காணாது," என்று சொல்லி, பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி அதற்கு மேலே இன்னொன்று அறைந்தார். நானும் என் பங்குக்குத் துவாயை மடித்துத் தோளில் போட்டேன். இத்தனையும் சேர்ந்த பிறகு என் விரல் நுனிதான் விசைக்கு எட்டியது. வேலிக்கு மேலால் குழைக்கு எட்டுகிற ஆட்டுக்குட்டி மாதிரிக் கழுத்தை நீட்டித்தான் குறி பார்த்தேன். ஒன்றிலும் படவில்லை. தோட்டாவும் லேசில் கிடைக்கிற சாமானில்லை.

நெல் பால் பிடிக்கத் தொடங்கியது. காட்டோர வாய்க்காலில் பண்டியின் குளம்படி புதிதாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபோது புல்மோட்டைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. புல்மோட்டையில் எனக்கு ஒரு பகையுமில்லை. ஆனால் அங்கே நான் இன்னாருடைய பெண்சாதியாக மட்டும்தான் இருப்பேன். இங்கே எனக்கு வரம்பிருந்தது, தண்ணீர் முறையிருந்தது, சண்டை பிடிக்க ஆட்கள் இருந்தார்கள். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. துவக்கை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று எனக்குத் தெரிந்தது.

துவக்கைச் சாக்கில் சுற்றி, பெர்மிட்டை இடுப்பில் செருகிக்கொண்டு மூதூரில் பட்டணத்துக்குப் போகிற லோஞ்ச் படகில் ஏறினேன். கொட்டியாரக் குடாவில் அன்றைக்கு நல்ல காற்று. தண்ணீர் முகத்தில் அடித்தது, எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. என் அளவுக்கு ஒரு துவக்கு இந்த உலகத்தில் எங்கேயோ இருக்கத்தான் வேண்டும் என்ற நினைப்பில், கல்யாணச் சேலை எடுக்கப் போகிறவள் மாதிரிப் போனேன்.

என் வீட்டுக்காரர் புல்மோட்டை பஸ்ஸில் வந்து துவக்குக் கடை வாசலில் நின்றார். வரச்சொல்லி ஆள் விட்டிருந்தேன். கடைக்காரர் முதலில் ஒரு இரட்டைக்குழலை எடுத்துத் தந்தார். தூக்கினேன், வாய் தானாகவே நிலத்தைப் பார்த்தது. "இது விறகுக் கட்டு," என்று திருப்பிக் கொடுத்தேன். பிறகு மெல்லிய குழல் உள்ள சின்ன ரைபிள் ஒன்று வந்தது. அது கையில் கூட்டுகிற தும்புத்தடி போல லேசாக இருந்தது. எனக்கு அதை விட மனமில்லை.

"பிள்ளை, இது முயலுக்கும் மயிலுக்கும்," என்றார் கடைக்காரர். "பண்டிக்கு வைச்சா காயம்தான் படும். பிறகு அது உங்களைத் தேடிக்கொண்டு வரும்."

"என்னை அது கண்டுபிடிக்க வேணுமே," என்றேன். அவர் சிரித்தார், ஆனாலும் ரைபிளை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

மூன்றாவதாக ஒன்று உறையிலிருந்து வந்தது. துறைமுகத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போனபோது ஒரு துரையின் பெண்சாதி விற்றுவிட்டுப் போனதாம். நான் அதைத் தூக்கினேன். தூக்கினேன் என்று சொல்வதே பிழை, அதுவாகவே எழும்பி வந்து தோள்குழிக்குள் உட்கார்ந்தது. கன்னம் கட்டையில் படிந்தது. விரல் விசையைத் தேடவில்லை. கண்ணை மூடி இறக்கி, மூடியபடியே திரும்பத் தூக்கி, கண்ணைத் திறந்தேன். குழல் நுனியில் இருந்த குமிழுக்கு நேரே, வாசலுக்கு வெளியே கடலில் ஒரு பாய்மரக் கம்பு நின்றது. இன்னொரு தரம் செய்தேன். திரும்பவும் அதே கம்பு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கடைக்குள் குதிக்காமல் இருந்ததே பெரிய காரியம்.

"இதைத் தாங்கோ."

"இது கதைச்சு முடிஞ்ச சாமான் பிள்ளை. நாளைக்கு எடுக்க வருகினம். ஆசைக்குப் பிடிச்சுப் பாக்கட்டும் எண்டுதான் தந்தனான்."

அழுகை வந்துவிட்டது. அந்தத் துவக்கைக் கீழே வைக்காமல் நின்றேன். என் வீட்டுக்காரர் சாக்கை அவிழ்த்து எங்கள் துவக்கை எடுத்து மேசையில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் என் கையில் இருந்ததைக் கிடத்தினேன். இரண்டு விசையையும் நேருக்கு நேர் பொருத்தி வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. அப்பாவின் துவக்கின் சோங்கு அந்த வெள்ளைக்காரியின் துவக்கைவிட நான்கு விரற்கடை நீண்டிருந்தது. அதில் இரண்டு விரற்கடை செருப்பும் டயரும்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கை எட்டாமல் தவித்த ஒருத்திக்கு, பரிதாபப்பட்டு பரிதாபப்பட்டு எல்லாருமாகச் சேர்ந்து துவக்கை இன்னும் நீட்டியிருக்கிறோம். நோவுக்கு மருந்து என்று நினைத்ததுதான் நோவையே கூட்டியிருக்கிறது. "இரண்டு விரற்கடை ரப்பர், இரண்டு விரற்கடை மரம்," என்றேன். "மரத்தை வெட்டினால் இதுவும் என்ர தோளில இருக்கும்."

கடைக்காரர் தலையை ஆட்டினார். "வெட்டலாம். வெட்டினதை ஒட்ட ஏலாது."

லோஞ்சில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் வாங்குப் பலகையைப் போட்டு, துவக்கைக் கழற்றி, சோங்கைத் தனியே எடுத்தார். ஆணிகளைப் பிடுங்கி ரப்பர்களை வீசினார். என் முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து விரல் வரைக்கும் ஒரு ஈர்க்கால் அளந்து, கட்டையில் பென்சிலால் கோடு போட்டார். பிறகு மரம் அரிகிற வாளைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"அப்பான்ர சாமான். அண்ணர் கோவிப்பார்."

"ஓம்."

"இதை வெட்டினா நீர் புல்மோட்டைக்கு வரமாட்டீர்."

"ஓம்," என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அந்தக் குவாட்டர்ஸில் பூங்கன்று வைக்க எங்கே இடம் விடுவது என்பது வரை அவர் நினைத்து வைத்திருந்தவர். குனிந்து வாளைக் கோட்டில் வைத்து இழுக்கத் தொடங்கினார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த ஆசை கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. துண்டு விழுந்ததும் வெட்டிய முனையை அராவி, சோங்கைத் துவக்கோடு திரும்பப் பூட்டினார். மறுநாள் காலையில் அதே பழைய தகரத்துக்கு வெடி வைத்தேன். தகரம் பறந்துபோய் வாய்க்காலுக்குள் விழுந்தது. தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். நான் வரம்பில் நின்றபடியே நின்றேன்.

அவர் வேலைக்குப் போன பிறகு ஒரு நாள், பொழுதுபடுகிற நேரம், பண்டிக் கூட்டம் வந்தது. முதலில் காக்காவின் பக்கம் இறங்கி, அவர் வைத்த வெடிக்குக் கலைந்து என் வயலுக்குள் புகுந்தன. நெல் விலகி விலகி வருவதுதான் தெரிந்தது. பயமில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் பயத்தைவிடப் பரபரப்புத்தான் கூட இருந்தது. முன்னால் வந்த பெரிய ஆண்பண்டி வரம்பேறிப் பக்கவாட்டில் நின்ற கணத்தில் துவக்கு என் தோளுக்கு வந்துவிட்டது. தூக்கியது எனக்கு ஞாபகமில்லை. வெடித்ததும் அது வாய்க்காலுக்குள் சரிந்து எழும்பவில்லை. மற்றவை காட்டுக்குள் ஓடின.

"விழுந்திட்டா?" என்று காக்கா தன் வரம்பிலிருந்து கேட்டார்.

"விழுந்திட்டுது காக்கா."

"அப்ப உங்கட ஆக்களைக் கூப்பிடுங்க. நான் இதிலயே நிக்கிறன்." அவர் பண்டிக்குக் கிட்ட வரமாட்டார், ஆனால் எங்கள் ஆட்கள் வரும்வரை அந்த இடத்தை விட்டு அசையவுமில்லை.

எங்கள் ஊரவர்கள் தடியோடு வந்து தூக்கிப்போய்க் குளக்கரையில் வெட்டிப் பங்கு வைத்தார்கள். வேட்டைப் பங்கில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. வெடி வைத்தவருக்கு ஒரு பங்கு, துவக்குக்கு ஒரு பங்கு, மிச்சம் ஊருக்கு. பங்கு வைத்தவர் வெடிக்காரப் பங்கை ஒரு இலையில் என் முன்னால் வைத்தார். துவக்குப் பங்கை இன்னொரு இலையில், செய்தி கேட்டுச் சைக்கிளில் வந்து இறங்கிய அண்ணனின் முன்னால் கொண்டுபோய் வைத்தார். அவர் பிழையாக ஒன்றும் நினைக்கவில்லை. ஊருக்கு அது அண்ணனின் துவக்கு. வெடி நான் வைத்தேன், ஆனால் துவக்கும் வயலும் இன்னும் அவருடைய கணக்கில்தான் இருக்கிறதா என்று அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் சந்தோசத்தில் துவக்கைத் தூக்கித் தோளில் வைத்தார். வைக்க முடியவில்லை. அவர் கை மடங்க இடமில்லாமல் பெருவிரல் போய் மூக்கில் இடித்தது. நின்றவர்கள் சிரித்தார்கள். கழுத்தைச் சரித்து இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார், பிறகு துவக்கைத் திருப்பிச் சோங்கைத் தடவினார். வெட்டிய இடத்தில் மரம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"ஆர் வெட்டினது?"

"நான்தான் வெட்டச் சொன்னனான்."

சிரிப்பு நின்றது. அண்ணனின் கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது, என் கண்ணும் கலங்கியது. பிறகு துவக்கை என் கையில் தந்துவிட்டு, தன் முன்னால் இருந்த இலையைக் குனிந்து எடுத்தார்.

"இது என்ர தோளில நிக்காது. காவலுக்குத் துவக்கில்லாதவனுக்கு என்னத்துக்குக் குத்தகை?" என்று ஊரவர்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். துவக்குப் பங்கை என் பங்குக்குப் பக்கத்தில் வைத்தார்.