கடைசி இடத்துக்கு வந்த கிராக்கி

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பூர் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த சாந்தாமணி, செல்போனில் யாருடனோ பேசிவிட்டுப் பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டாள்.

சாந்தாமணி என் கல்லூரித் தோழி. ஏற்றுமதி பனியன் கம்பெனி நடத்துகிறாள். பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறவள். அவள் எழுந்தால் விஷயம் பெரிது.

"மண்ணரைச் சாயப்பட்டறைக்குப் போகோணும். நீயும் வா. தனியாப் போனா அழுதுருவேன்" என்றாள்.

காரில்தான் கதை தெரிந்தது. புதிதாக ஒரு வெளிநாட்டு பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், கிடைத்திருக்கிறார். குழந்தைகளுக்கான டி-ஷர்ட், மூன்று கலரில். முதல் ஆர்டர் என்பது பரீட்சை மாதிரி. நேரத்துக்குக் கப்பல் ஏறினால் வருஷம் முழுக்க வேலை. தவறினால் அவர் வேறு கம்பெனி பார்த்துக்கொள்வார். இவரை நம்பி சாந்தாமணி மாடியில் புதிதாகத் தையல் மெஷின்கள் போட்டு, ஆட்களும் எடுத்திருந்தாள். இரண்டு கலர் தைத்து பேக்கிங் வரை வந்துவிட்டது. நேவி ப்ளூ மட்டும் இன்னும் சாயப்பட்டறையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

"நல்ல பட்டறையாப் பார்த்துக் கொடுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"நா எங்க குடுத்தேன்? கம்ப்யூட்டர் குடுத்துச்சு."

பெங்களூரிலிருந்து டை கட்டிய ஒருவர் ஒரு சி.டி.யோடு வந்தாராம். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்றாராம். அதாவது செயற்கை அறிவு. நூல் யாரிடம் வாங்குவது, சாயம் யாரிடம் போடுவது, பிரிண்டிங் யாருக்குக் கொடுப்பது — எல்லாம் அதுவே முடிவு செய்யும். துணி தயாரானதும் பட்டறைகளுக்கு எஸ்.எம்.எஸ். போகும். 'இந்தத் தேதிக்குள் முடியுமா? முடியும் என்றால் 1, முடியாது என்றால் 2.' அவர்கள் சொல்லும் பதில், முன்பு எத்தனை முறை நேரத்துக்குக் கொடுத்தார்கள் என்கிற கணக்கு, இரண்டையும் பார்த்து அது மார்க் போடும். ரேங்க் போடும். பள்ளிக்கூடமேதான்!

முதல் ரேங்க் எப்போதும் மண்ணரை ராசு அண்ணனுக்கு. வேலை சுத்தம், எப்போது கேட்டாலும் 1. கடைசி ரேங்க் அந்தோணிக்கு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பட்டறை வேலைக்கு வந்து, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டவர். பாதி நேரம் 2 என்றே பதில் அனுப்புவார். எந்த வாத்தியாருக்குத்தான் இப்படிப்பட்ட மாணவனைப் பிடிக்கும்?

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. சாந்தாமணியே பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த சாஃப்ட்வேரைப் புகழ்ந்திருக்கிறாள். அங்கேதான் வினை.

திருப்பூரில் ஒரு வீதியில் ஒருவர் புது ஜெனரேட்டர் வாங்கினால், அடுத்த வாரம் வீதி முழுக்க ஜெனரேட்டர் ஓடும். 'அவங்க போட்டுட்டாங்க... நாம போடலைன்னா எப்படி?' அவ்வளவுதான் ஆராய்ச்சி. டை கட்டியவர் வீதியை விட்டு நகரவே இல்லையாம். சி.டி. தீர்ந்துபோய் ஊருக்கு போன் போட்டு வரவழைத்தாராம்.

இத்தனை கம்ப்யூட்டரும் தனித்தனியாக யோசித்து, தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன. ராசு அண்ணனுக்கே கொடு!

மண்ணரையில் இறங்கினோம். பட்டறை கேட்டிலிருந்து ஆபீஸ் ரூம் வரைக்கும் சாயமேறாத துணி மலையாகக் குவிந்திருந்தது. நடக்க வழியில்லை. ராசு அண்ணன் துணிகளுக்கு நடுவிலிருந்து பாதி உடம்போடு வெளிப்பட்டார். தூங்கி நாளான முகம்.

"வாங்கம்மிணி, வாங்க. மொதல்ல காப்பி சாப்புடுங்க."

"காப்பி கெடக்குதுங்கண்ணா. என்ற நேவி ப்ளூ என்னாச்சுங்க?"

"ஆயிருமுங்க."

"எப்பங்க?"

"ஆயிருமுங்க அம்மிணி..."

எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு துணி கிடக்கும்போது எல்லாருக்கும் எதற்கு 1 அனுப்பினீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் போலப் பார்த்தார். "எல்லாம் நம்ம சனமுங்க. நம்மள நம்பி ஒரு வேலை குடுக்கறாங்க. முடியாதுன்னு எப்படிங்க சொல்றது? மொகத்துல அடிச்சாப்பல இருக்குமில்லீங்களா?"

கேட்டது மெஷின். அதற்கு ஏது முகம்? ஆனாலும் அவருக்கு மனசு வரவில்லை.

சாந்தாமணியின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அங்கேயே நின்று அந்தோணிக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது.

"வெள்ளிக்கெழமையா? நடக்காதுக்கா. சும்மா சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன். ஞாயித்துக்கெழம காலையில தருதேன். வேணும்னா இப்பமே துணிய அனுப்புங்க. இங்க மெஷினு சும்மாத்தான் கெடக்கு."

ஞாயிறு... சாந்தாமணி விரல்விட்டு எண்ணினாள். வெட்டி, தைத்து, பெட்டி கட்டி, தூத்துக்குடிக்கு லாரி ஏற்றி — இழுத்துப் பிடித்தால் கப்பலைப் பிடித்துவிடலாம்.

இனிதான் சங்கடம். கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்பது இந்த ஊரில் கொடுத்த பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொள்வதற்குச் சமம். சாந்தாமணி முந்தானையைத் திருகிக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தாள். "அண்ணா... தப்பா நெனைக்கலீன்னா... துணிய எடுத்துட்டுப் போயிரட்டுங்களா?"

ராசு அண்ணன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்! "எடுத்துக்கறீங்களா? ரொம்ப சந்தோசமுங்க. டேய், அம்மிணி துணியத் தூக்கி டெம்போவுல ஏத்துங்கடா!" என்று சொல்லிவிட்டு, தானும் ஒரு ரோலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அந்தோணி சொன்ன ஞாயிறு காலையிலேயே துணி வந்தது. மாடியில் புதிதாக எடுத்த ஆட்கள் வாரம் பூராவும் அடித்துப் பிடித்துத் தைத்தார்கள். நேற்று சாந்தாமணி போன் செய்தாள். பெட்டிகள் கப்பல் ஏறிவிட்டன. பையர் அடுத்த ஆர்டரைப் பற்றிக் கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறாராம். கேட்க எனக்கே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால் அந்த மெஷின் மேல் எனக்குக் கோபமில்லை. சொன்னதை நம்பியது, பாவம். மரியாதைக்குச் சொல்லும் 'சரி'யை அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆமாம் என்பவன் நல்லவன், இல்லை என்பவன் ஆகாதவன் என்று நாம் போடும் மார்க்கைத்தான் அதுவும் போட்டது. நம் வீட்டில், ஆபீசில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

"அப்போ பிரச்சினை தீர்ந்துச்சு" என்றேன் போனில்.

"எங்க தீர்ந்துச்சு?" என்று சிரித்தாள் சாந்தாமணி. அவளுடைய டெம்போ அந்தோணி வாசலில் நின்றதை யாரோ பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான். ராசு அண்ணனிடம் மாட்டியிருந்த நாலைந்து கம்பெனிக்காரர்கள் துணியை அள்ளிக்கொண்டு அங்கே ஓடினார்கள். எல்லாருக்கும் சொன்ன நாளில் வேலை முடிந்தது. எல்லாருடைய கம்ப்யூட்டரும் அந்தோணிக்கு மார்க்கை அள்ளிப் போட்டன. இப்போது அவர்தான் முதல் ரேங்க்.

நேற்று காலைதான் அந்தோணி சாந்தாமணிக்கு போன் செய்தாராம்.

"அக்கா, ரெண்டு ரெண்டுன்னு அமுக்கியே எனக்கு வெரல் தேஞ்சு போச்சு. உங்க கம்ப்யூட்டர்ட்ட சொல்லி, பழையபடி என்னைய கடைசியிலயே போடச் சொல்லுதியளா?"